தேக்கின் கணக்கும் புழுவின் கணக்கும்

செல்வங்களுள் எண்ணுதற்கு எளியன சில, அரியன சில. பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிவிடலாம். களத்திற் குவித்த நெல்லை மரக்காலால் அளந்துவிடலாம். ஆயின், ஆண்டுதோறும் ஒருபால் வளர்ந்தும், ஒருபால் மாய்ந்தும், மற்றொருபால் முளைத்தும் வருகின்ற காட்டை எங்ஙனம் அளப்பது? காட்டைப்பற்றி நாம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள. இன்று எத்துணை மரம் நிற்கின்றது என்பது முதல் வினா. ஆண்டொன்றுக்கு அஃது எத்துணை வளர்கின்றது என்பது இரண்டாம் வினா. வளரவேண்டிய அளவு வளர்கின்றதா, அன்றி நோயினாலும் பூச்சியினாலும் குன்றுகின்றதா என்பது மூன்றாம் வினா. முதலிரண்டையும் கேட்டோர் பலர். மூன்றாவதைக் கேட்டு விடை கண்டோர் மிகச் சிலரே. அதனைக் கேளாது விட்டமையால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை, நம்மனோர் நன்கறிந்த தேக்கு மரத்தைக் கொண்டு விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

1. நிலம்பூர்த் தோட்டம்

தேக்கின் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதன் வைரத்திலுள்ள எண்ணெய்ப்பசையால் கரையான் அதனை எளிதில் அணுகாது. நீரிலும் வெயிலிலும் மாறிமாறிக் கிடப்பினும் விரைவில் வெடியாது. தன்னுள் அறைந்த இரும்பாணியைத் துருவேறச் செய்யாது. இக்குணங்களினால் கப்பல் கட்டுவோர் வேறெம்மரத்தினும் இதனையே பெரிதும் விரும்பினர். ஐரோப்பியர் இம்மரத்துக்கு வழங்கும் பெயரும், மேலைக் கடற்கரையில் அவர்கள் செவியுற்ற ‘தேக்கு’ என்னும் சொல்லே போர்த்துக்கேசியர் நாவில் ‘டேகா’ எனத் திரிந்து பரவியதாகும்.

கப்பற்றொழிலின் பொருட்டு மலையாளக் காடுகளில் வெட்டிய தேக்குக்கு அளவில்லை. ஆற்றோரத்தில் நின்ற பெருமரங்கள் அருகின. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவின் கலெக்டர் ஹென்றி வாலன்டைன் கானலி என்பார், வெட்டுவோர் உளரேயன்றி நடுவோர் இலர் என்பதை உணர்ந்து, 1840-ஆம் ஆண்டையடுத்து நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். தேக்கின் கொட்டை வன்மையான ஓடுடையது; ஆகலின் முதலில் விதைத்தவை முளையாமற்போயின. பலவாறு முயன்று, கொட்டையை நீரில் ஊறவைத்து நாற்றங்காலிட்டு, மழைக்காலத்தில் கன்றுகளைப் பிடுங்கி நடும் முறை கைவந்தது. இவ்வேலையைப் பல்லாண்டு முன்னின்று நடத்தியவர் சாத்து மேனோன் என்னும் உத்தியோகஸ்தர். 1862-க்குள் அவர் மேற்பார்வையில் நடப்பெற்ற கன்றுகள் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்டவை என்பர். அத்தோட்டத்தின் ஒரு பகுதி, 2.31 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளது, ‘கானலி பிளாட்’ என்னும் பெயருடன் இன்றும் கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

நட்டவர் அறுவடை காணாத பயிர் இது. 1855-ல் கானலி கொலையுண்டபோது அவர் நடுவித்த கன்றுகளுக்கு வயது பதினைந்தும் நிரம்பவில்லை. இத்தகைய பயிரில் ஈடுபடுவோர்க்குக் கணக்கே கண்ணாகும். விளைவை நேரிற் கண்டு அறிய இயலாதாகலின், ஆண்டுதோறும் அளந்தறிந்த வளர்ச்சியைக் கொண்டே வருங்காலத்தை மதிக்கவேண்டும்.

2. மரத்தை அளத்தலும் காட்டை அளத்தலும்

ஒரு மரத்தை அளப்பது எங்ஙனம்? அடிமரம் வேர்ப்புடைப்பினால் ஒழுங்கின்றிப் பருத்திருக்குமாதலால், நிலத்தினின்று 1.37 மீட்டர் உயரத்தில், அஃதாவது நின்றவன் மார்பளவில், நாடாவைச் சுற்றிச் சுற்றளவைக் காண்பர். வெட்டிக் கிடத்திய மரமாயின் அதன் நடுவிற் சுற்றளவெடுத்து, அதனை நான்கால் வகுத்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்குவது மரவாணிகர் வழக்கம். நடுச்சுற்றளவு 1.2 மீட்டரும் நீளம் 5 மீட்டருமுள்ள ஓர் உருட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு 0.3, அதன் வர்க்கம் 0.09, ஐந்தாற் பெருக்க 0.45 கன மீட்டராகும். வட்டத்தின் விதிப்படி கணித்தால் அதே மரம் 0.57 கன மீட்டர் வரும். எனவே, வாணிகர் கணக்கு மெய்யளவில் நூற்றுக்கு 78 பங்கு சொச்சமே காட்டுகின்றது. பட்டையும் அறுப்பிற் போகும் சிதைவும் கழிந்து எஞ்சுவதையே அவர்கள் கருதினர் போலும். எவ்வாறாயினும், எந்த முறையால் அளந்தோம் என்பதைக் குறியாது எழுதிய கணக்கு கணக்காகாது என்பதை மாணாக்கர் இதனால் உணர்வாராக.

இனி, காடு முழுவதும் அளப்பதெங்ஙனம்? ஒவ்வொரு மரத்தையும் அளப்பது இயலாத காரியம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அதனையே காட்டுக் கணக்கரும் பின்பற்றுகின்றனர். ஆயினும் ஒரு வேற்றுமையுண்டு. பானைச்சோறு ஒரே தீயில் வெந்தது. காடோ ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம், ஓரிடம் வளமண், ஓரிடம் பாறை. ஆதலின், வழியோரத்தில் அழகாகத் தோன்றுமிடத்தை மாத்திரம் அளந்தால் கணக்குப் பிழைபடும். எங்கும் பரவுமாறு, தன் விருப்பு வெறுப்புக்கு இடங்கொடாமல், சிறுசிறு கட்டங்களைத் தெரிந்தெடுத்து அளந்து, அவற்றின் சராசரியைக் கொண்டு முழுமையை மதித்தல் வேண்டும். 1981-ல் ஏற்பட்ட இந்திய வன அளவை நிலையத்தார் முன்னர் இங்ஙனம் அளந்துவந்த கட்டம் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது.

தேக்குக்கு இத்தகைய கணக்கை முதன்முதல் செவ்வனே வகுத்தவர்களுள் தலைசிறந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய தாவர நூற்புலவர். 1856-ல் பர்மாவிலுள்ள பெகு நாட்டுக் காடுகளுக்குத் தலைவராய் வந்த அவர், யானைமீதேறி மலைமுகடுகளின் வழியே சென்று, தம் பார்வைக்கெட்டிய தேக்குகளைப் பருமனுக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரித்தார். பெருமழையிற் காகிதமும் எழுதுகோலும் உதவாமையால், இடக்கையில் நான்கு கோல்களை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு கோலாக, மரத்துக்கு ஒரு வெட்டாகக் கத்தியினால் குறித்துச் சென்றனர். பின்னர், இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர்தற்கு 24 ஆண்டு செல்லுமெனக் கணித்து, முதல் வகுப்பு மரங்களில் 24-ல் ஒரு பங்குக்கு மேல் எவ்வாண்டிலும் வெட்டலாகாதென விதித்தனர். வட்டியைச் செலவிடலாம், முதலைத் தொடலாகாது என்னும் இல்லறத்தார் நீதியே இதன் உட்பொருள்.

இவ்வழியில் வந்த ஆராய்ச்சி, 1940-ல் லாரியும் பக்ஷி சந்த் ராமும் இந்திய பர்மியத் தேக்குத் தோட்டங்களுக்கென வெளியிட்ட விளைவு அட்டவணைகளில் முதிர்ந்தது. இன்ன தரமுள்ள நிலத்தில், இன்ன வயதில், ஒரு ஹெக்டேரில் இத்துணைத் தேக்கு நிற்கும் என்று அவ்வட்டவணைகளைக் கொண்டு மதிக்கலாம். முதலிரண்டு வினாக்களுக்கும் இவ்வாறு விடை கிடைத்தது.

3. தேக்கந்தழைப் புழு

நிற்க. தேக்கு மார்கழி முதலாக இலையுதிர்த்து நின்று, சித்திரையில் கோடை மழையின் முதற்றூறல் விழுந்ததும் தளிர்க்கின்றது. அத்தளிரை எதிர்நோக்கியிருந்தாற்போல ஒரு விட்டில் வருகின்றது. பூச்சி நூலார் அதனை ஹைப்ளேயா பியூரா என்பர். முன் சிறகு சாம்பற் கபிலம். பின் சிறகு கருமையில் செம்மஞ்சட் புள்ளியுடையது. ஒரு பெண் விட்டில் இளந்தளிர்களில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். வெளிவரும் புழு, இலையோரத்தைக் கடித்து மடக்கி, நூலாற் கட்டி, அம்மடிப்பினுள் ஒளிந்திருந்து தின்னும். இரு வாரத்துக்குள் வளர்ந்து முடித்து, நூலிழையைப் பற்றித் தொங்கி நிலத்திலிறங்கி, சருகினுள் கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் விட்டில் வரை மூன்று முதல் ஐந்து வாரமே செல்லும்.

முதலில் காட்டின் சிற்சில இடங்களில், ஓரிரண்டு ஏக்கர் அளவான திட்டுகளில் மாத்திரமே இப்புழு தோன்றும். அடுத்த தலைமுறை அயலிடங்களிற் பரவும். அதற்கடுத்தது நூற்றுக்கணக்கான ஹெக்டேரை மொட்டையாக்கிவிடும். அக்காலத்திற் காட்டினுட் புகுவோர்க்கு, மேலிருந்து புழுக்களின் எச்சம் உதிரும் ஓசை தூறல்போலக் கேட்கும். சில நாளில் பெருநரம்புகளன்றி இலையில் ஒன்றும் எஞ்சாது.

ஆயினும் மரம் சாவதில்லை. சில வாரத்தில் மீண்டும் தழைக்கின்றது. ஆனி, ஆடியில் அவ்வழியே செல்வோர் பசுமையையே காண்பர். இதுவே பெரியதோர் மயக்கத்துக்குக் காரணமாயிற்று. இப்பூச்சியை அறிஞர் நெடுங்காலமாக அறிவர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துப் பீசன் என்பார் 1941-ல் வெளியிட்ட வனப்பூச்சிகளைப்பற்றிய பெருநூலிலும் இது பேசப்பெற்றுள்ளது. எனினும், மரம் மடியாமையின் கேடு சிறிதே என்பாரும், இல்லை, பெரிதென்பாருமாக ஐயம் நீடித்தது. ஐயத்தைத் தீர்ப்பதற்கு வாதம் போதாது, அளவு வேண்டும்.

4. அளந்தறிந்தவாறு

திருச்சூரையடுத்த பீச்சியில் 1975-ல் தோன்றிய கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வேலையை மேற்கொண்டனர். கே. எஸ். எஸ். நாயர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் நிலம்பூரில் நான்கு வயதான இளந்தேக்குத் தோட்டத்தைத் தெரிந்துகொண்டு, கட்டங்களாக வகுத்து, சிலவற்றை மருந்து தெளித்துப் பூச்சியினின்று காத்தனர். சிலவற்றைக் காவாது இயற்கைக்கே விட்டனர். ஒன்பது வயதாகும்வரை இவ்வாறு நடத்தி, மரங்களின் பருமனை ஒழுங்காக அளந்துவந்தனர். மருந்து இங்கே சிகிச்சையன்று. உண்மையைக் காண்பதற்கான கருவி மாத்திரமே என்பது நினைவிருத்தற்குரியது.

1985-ல் வெளியான முடிவு வியக்கத்தக்கது. காக்கப்பட்ட மரங்கள் ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 6.7 கன மீட்டர் வளர்ந்தன. காவாத மரங்கள் வளர்ந்தது 3.7 கன மீட்டரே. வளரக்கூடியதில் நூற்றுக்குச் சுமார் 44 பங்கு புழுவின் வயிற்றுக்குப் போயிற்று. ஒருவர்க்கு நூறு ஹெக்டேர் இளந்தோட்டம் உளதாயின், ஒரு மரமும் சாயாமல், ஒரு கள்வனும் புகாமல், ஆண்டுதோறும் முந்நூறு கன மீட்டர் மரம் அவர் கையினின்று நழுவுகின்றது என்பது இதன் பொருள்.

இதற்குக் காரணம் யாது? ஆண்டின் வளர்ச்சிக்கு ஏற்ற காலம் முதல் மழைக்காலமே. அப்பொழுது வெயிலும் உண்டு, ஈரமும் உண்டு. மரம் சென்ற ஆண்டு சேமித்த சத்தைச் செலவிட்டு இலையை விரிக்கின்றது. அவ்விலை உழைத்துப் பொருளீட்டுதற்கு முன்னே புழு அதனைத் தின்றுவிட, மரம் மீண்டும் சேமிப்பில் கைவைத்து இரண்டாந்தழை விடுகின்றது. மேலும் இளங்கன்றில் நுனிக்குருத்துக் கெடுமாயின், பக்கக் கிளைகள் எழுந்து அடிமரம் கவடுபட்டுப்போம். பசுமை திரும்பினும் காலம் திரும்புவதில்லை.

இவ்வாராய்ச்சியிற் கண்ட மற்றொரு முடிவும் சிந்திக்கத்தக்கது. தேக்கைத் தாக்கும் வேறொரு புழுவும் உண்டு. அதன் பெயர் யூடெக்டோனா மேகெராலிஸ். அது பச்சையத்தைச் சுரண்டித் தின்று, இலையை நரம்பு வலையாக்கி விடுகின்றது. காடு முழுதும் தீயிற் கருகியதுபோலக் காண்போர் நெஞ்சு திடுக்கிடும். ஆயின், அஃது ஆண்டின் கடைப்பகுதியில், இலை உதிருங்காலத்தை அடுத்து வருவதால், அதனால் விளைந்த நஷ்டம் பொருட்படுத்தத்தக்கதன்று எனக் கண்டனர். எனவே, கண் இரு வகையாலும் ஏமாற்றுகின்றது. கொடியதெனத் தோன்றியது சிறிது. சிறிதெனத் தோன்றியதே கொடிது. நாடா ஒன்றே நடுநிலை தவறாதது.

5. அளவுகோலின் குறை

இங்கே நாம் முன்சொன்ன விளைவு அட்டவணைகளை மீண்டும் நினைத்தல் வேண்டும். அவை உழைத்து ஆக்கப்பட்ட உண்மையான கணக்குகளே, ஐயமில்லை. ஆனால், அவற்றுக்காக அளக்கப்பட்ட தோட்டங்கள் பூச்சியினின்று பிரித்துக் காக்கப்பட்டவை அல்ல. புழு தின்றது போக எஞ்சிய வளர்ச்சியே அங்கு அளக்கப்பட்டது. அதுவே தேக்கின் இயல்பான வளர்ச்சியெனக் கொள்ளப்பட்டது. பின்வந்தோர் தம் தோட்டத்தை அவ்வட்டவணையோடு ஒப்பிட்டு, குறைவில்லை என்று மனமமைந்தனர். நோயாளியின் உடம்பை அளந்து அதனையே ஆரோக்கியத்தின் அளவாக வைத்துக்கொண்டால், மற்றைய நோயாளிகளெல்லாரும் சுகமாகவே காணப்படுவர் அன்றோ? நஷ்டம் ஆண்டுதோறும் தவறாது வருமாயின், நஷ்டமென்னும் பெயரும் அதற்கு இல்லாமற்போகின்றது. மூன்றாம் வினாவைக் கேளாது விட்டதன் பயன் இதுவே.

தக்க காவலும் பிற சாதனங்களும் அளிக்கப்படுமாயின், 60 ஆண்டில் வெட்டத்தகும் தேக்கு 26 ஆண்டிலேயே அந்நிலையை அடையக்கூடுமென ஆராய்ச்சியாளர் மதித்தனர். ஐந்தாண்டுக் கணக்கை நீட்டிப் பெற்ற மதிப்பாகலின், இதனைத் திண்ணமெனக் கொள்ளாது, வழிகாட்டியாகக் கொள்ளுதல் தகும். ஆயினும் இதன் பயன் பெரிது. ஒரே நிலத்தில் மிகுதியாக விளையுமாயின், புதுத்தோட்டம் போடுதற்கென்று இயற்கைக் காட்டை அழிக்கவேண்டுவதில்லை. தோட்டத்துப் புழுவை அறிதல், தோட்டத்துக்கப்பாலுள்ள காட்டையும் காத்தலாகும்.

6. பரிகாரம்

நஞ்சு மருந்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் தெளித்தல் எளிதுமன்று, நன்றுமன்று. உயர்ந்த மரங்களில் அது சென்றெட்டுதல் அரிது. எட்டினும் புழுவோடு புழுவுக்குப் பகையான குளவிகளையும் அழிக்கும். காட்டாற்று நீரையும் கெடுக்கும். பீசன் அக்காலத்திலேயே, தேக்கினூடே பலவகைச் செடிகொடிகளை வளரவிட்டால், புழுவின் பகையினங்கள் அவற்றில் தங்கி வாழும் என்று கூறியுள்ளார்.

பிற்காலத்தார் வேறொரு துணையையும் கண்டனர். நிலம்பூரில் புழுக்கள் சில வேளைகளில் தாமே கூட்டங்கூட்டமாகச் சோர்ந்து, உடல் குழைந்து, இலையில் தொங்கி மடிதலைக் கண்டு ஆராய்ந்ததில், ஒரு வைரஸ் அதற்குக் காரணமெனத் தெரிந்தது. 1988-ல் இது வெளியிடப்பட்டது. பன்முகப் படிகங்களினுள் அடங்கியிருக்கும் இவ்வைரஸ், புழு தின்னும் இலையோடு குடலுட் புகுந்து, படிகம் கரைய வெளிப்பட்டுப் பெருகி, சில நாளிற் புழுவைக் கொல்லுகின்றது. செத்த புழுவின் உடல் கசிந்து வேறு புழுக்களுக்கும் நோயைத் தருகின்றது. பறவைக்கும் விலங்கிற்கும் மனிதர்க்கும் இதனால் ஊறில்லை. இதனைப் பெருக்கித் தெளித்து நிலம்பூரிற் சோதித்துமுள்ளனர். ஆயின், புழு இளமையாயிருக்கும் சில நாட்களுக்குள் தெளித்தால்தான் பயனுண்டு. ஆகவே, முதற்றிட்டுகள் எங்கே தோன்றுகின்றன என்பதை நாடோறும் கவனிக்கும் காவலர் வேண்டும். இங்கும் கணக்கே முன்னிற்கின்றது. கருவி அதன் பின்னதே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இவ்வுண்மையைச் சோதிக்க நீங்கள் நிலம்பூர் செல்லவேண்டுவதில்லை. கல்லூரி வளாகத்தில் ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு, 1.37 மீட்டர் உயரத்தில் வண்ணத்தால் ஒரு கோடிட்டு, ஆண்டுதோறும் ஒரே நாளில் சுற்றளவெடுத்து எழுதிவையுங்கள். அதனருகே, அவ்வாண்டு இலை எப்பொழுது துளிர்த்தது, எப்பூச்சி தின்றது, மழை எப்படி என்பவற்றையும் குறியுங்கள். நீங்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் வருவோர் அதனைத் தொடர்வாராக. இருபது ஆண்டில் அஃது அரியதொரு நூலாகும்.

சுவிசேஷத்தில் வரும் உக்கிராணக்காரனிடம் எஜமான் கணக்குக் கேட்டான் என்று நாம் வாசிக்கின்றோம். பெட்டியில் எஞ்சியிருப்பதைக் காட்டுவது மாத்திரம் கணக்காகாது. வந்திருக்கவேண்டியது எவ்வளவு, வாராது போனதேன் என்பதற்கும் உத்தரம் சொல்லவேண்டும். நமக்கு முன்னோர் நட்டுச்சென்ற மரத்தின் நிழலிலிருந்து, நமக்குப் பின்னோர் வெட்டப்போகும் மரத்தைக் காக்கின்ற நாமும் அத்தகைய உக்கிராணக்காரரே. புழு தன் கணக்கை ஓராண்டும் தவறவிடுவதில்லை. நாமும் நம் கணக்கைத் தவறாது எழுதுவோமாக.